கீழே நாலு

எங்கள் கம்பெனியில் எதுவும் தீர்ந்துபோகாது. சர்க்கரை டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதுகூட சர்க்கரை "நிறைஞ்சிருக்கு". பிரிண்டரில் மை வறண்டு வெள்ளைத் தாளாக வெளியே வந்தால் மை "பெருகியிருக்கு". புதிதாகச் சேர்ந்த யாராவது ஒருவர் இதை நம்பி வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். நான் போய், "மை வாங்கணும்னு சார் சொல்றார்" என்று சொல்லிவிட்டு வருவேன்.

இது எங்கள் முதலாளி தேசிகனின் பாஷை. அவருக்கு 'இல்லை' ஆகாது. 'முடியாது', 'வேண்டாம்', 'தீர்ந்துபோச்சு' எதுவும் வாயில் வரக் கூடாது. அபசகுனமாம். நானும் மல்லேஸ்வரத்தில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். அரிசிப் பானையைப் பற்றி இப்படிப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் அரிசிப் பானைக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா? எங்கள் தொழிலில் பாதி உலகம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்று ஒரு மனுஷன் விரதம் எடுத்துக்கொண்டால் அவரோடு எப்படிக் குப்பை கொட்டுவது?

மைனஸ் என்று தேசிகன் சொல்ல மாட்டார். மைனஸ் பதினைந்து வோல்ட் என்றால் "கீழ பதினஞ்சு". பிளஸ் என்றால் "மேல". எழுதும்போதும் எண்ணுக்கு முன்னால் அந்தச் சின்னக் கோட்டைப் போட மாட்டார். எண்ணை மட்டும் வரியைவிட்டுக் கொஞ்சம் இறக்கி எழுதுவார். பார்க்கிறவர்கள் பேனா வழுக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். வாடிக்கையாளர்களோடு மீட்டிங் என்றால் நான் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அவர் "கீழ பன்னெண்டு" என்பார், நான் "மைனஸ் டுவெல்வ்" என்பேன். என் விசிட்டிங் கார்டில் 'லீட் என்ஜினியர்' என்று போட்டிருக்கிறது. துபாஷி என்று போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

தொம்மலூரில் பழைய ஊர்ப் பக்கம், பால் பூத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். சிப் தயாரிக்கிறவர்களுக்கு அந்தச் சிப்பின் மாடலை எழுதிக் கொடுப்பது வேலை. யாரும் இப்போது நேராகச் சாமான் வாங்கிப் பற்றவைத்துப் பார்ப்பதில்லை. முதலில் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்குப் பேர் சிமுலேஷன். அப்படி ஓட்டுவதற்கு, இந்தச் சிப்பின் இந்தக் காலில் இத்தனை வோல்ட் கொடுத்தால் அந்தக் காலில் என்ன வரும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். அதைச் சமன்பாடுகளாக நாங்கள் எழுதித் தருகிறோம். சுருக்கமாகச் சொன்னால் பொய்ச் சிப் செய்கிறோம். நிஜச் சிப் எப்படி நடந்துகொள்ளுமோ அச்சு அசலாக அப்படி நடந்துகொள்கிற பொய்.

ஷோபா எங்களிடம் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்ரீராம்புரத்துக்காரி. அப்பா தனக்கோடி குடிநீர் வாரியத்தில் தண்ணீர் வால்வு திறக்கிற வேலை பார்த்தவர். ஷோபா நன்றாகப் படித்து, ஒரு பெரிய கம்பெனியில் இருந்து, இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலை தேடியிருக்கிறாள். ஆறு வருட இடைவெளி என்றதும் போகிற இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் நாங்கள்தான் எடுத்தோம், ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று. அது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம். நடுவில் கரும்புள்ளி விழுந்தால், ஏற்கெனவே இடைவெளி, அதற்கு மேல் இதுவும். பெங்களூரில் இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லோரையும் ஒரே கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துவிடலாம். ஒருவர் காதில் விழுந்தது மறுநாளே எல்லார் காதிலும் விழுந்துவிடும்.

வேலையில் கெட்டி. கேள்வி கேட்பாள், அதுவும் நேராக. முதல் வாரம் சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்து, "சக்கரை இல்ல" என்று ஆபீசுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். தேசிகன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. நான் சிரித்தேனே ஒழிய, அவளைக் கூப்பிட்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கூடவே இருந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று நான் மைசூருக்குப் போன வாரத்தில்தான் அந்த டிரைவர் சிப் வந்தது. டிரைவர் என்றால், ஒரு பெரிய ஸ்விட்சுக்கு உத்தரவு போடுகிற சிப். அடுகோடியில் ரயான் என்பவனுடைய கம்பெனி மின்சார ஆட்டோக்களுக்குச் சார்ஜர் செய்கிறது. அந்தச் சிப்பைப் போட்டுத்தான் சார்ஜர் கட்டப்போகிறான். சிப் இன்னும் சந்தைக்கு வரவில்லை, அதன் விவரங்களெல்லாம் போடுகிற டேட்டாஷீட்டும் பாதிதான் தயார். சப்ளை, அதாவது சிப் ஓட எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்ற இடம் காலியாக இருந்திருக்கிறது. தேசிகன் சிப் கம்பெனிக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தபோது காரிலிருந்து ஷோபாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஷோபா மாடலை எழுதினாள், தேசிகனே சரிபார்த்தார், ரயானுக்குப் போய்விட்டது.

நான் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து ரயான் எனக்குப் போன் செய்தபோது எடுத்த எடுப்பிலேயே கத்தினான்.

"நிருபமா, உங்க மாடலை நம்பி ரெண்டு வாரமா எங்க போர்டைத் திட்டிட்டு இருக்கோம். சிமுலேஷன்ல ரெண்டு ஸ்விட்சும் ஒரே டைம்ல ஆன் ஆகுது. நானூறு ஆம்பியர் காட்டுது. லேஅவுட்தான் தப்புன்னு திருப்பித் திருப்பி வரைஞ்சிட்டு இருக்கோம். இன்னைக்கு சும்மா உங்க சிப்பை மட்டும் தனியா ஓட்டிப் பாத்தேன். கீழ்ப் பின்ல மைனஸ் நாலு குடுத்தா அவுட்புட் ஜீரோவுக்குக் கீழ எறங்கவே இல்ல. என்ன மாடல் இது?"

அவன் கத்தியது நியாயம்தான். ஒரு ஸ்விட்சை அணைத்து வைப்பது கதவைச் சாத்துவது மாதிரி. பூஜ்யம் வோல்ட் கொடுத்தால் கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்காது. பக்கத்துக் கதவை யாராவது படாரென்று திறந்தால் அந்த அதிர்ச்சியில் இதுவும் திறந்துகொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் நிஜத்தில் சார்ஜர் புகைந்துவிடும். அதனால்தான் அணைக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் நாலு வரை இழுத்துப் பிடிப்பார்கள். அதுதான் தாழ்ப்பாள். எங்கள் பொய்ச் சிப்பில் தாழ்ப்பாளே இல்லை.

மாடலைத் திறந்து பார்த்தேன். ஷோபா மிக அழகாக எழுதியிருந்தாள். நாலு வோல்ட்டிலிருந்து பதினெட்டு வோல்ட் வரை சப்ளை எவ்வளவு இருந்தாலும் சிப் வேலை செய்யும். நாலுக்குக் கீழே போனால் சமர்த்தாகத் தூங்கிவிடும். கீழ்ச் சப்ளைக் கால் என்று ஒன்றைப் பேருக்கு வைத்துவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து கணக்குப் போட்டிருந்தாள். ஒற்றைச் சப்ளையில் ஓடுகிற சிப்புக்கு அது அப்பழுக்கில்லாத மாடல். இது ஒற்றைச் சப்ளை சிப் இல்லையே!

"ஷோபா, ஒரு நிமிஷம் வா" என்று கூப்பிட்டேன். "இது ரெண்டு பக்கமும் சப்ளை உள்ள சிப். மேல பிளஸ் பதினெட்டு, கீழ மைனஸ் நாலு. நீ நாலு டு பதினெட்டுன்னு போட்டிருக்கே."

அவள் முகம் வெளுத்தது. "மைனஸ்ஸா? சார் அப்படி சொல்லவே இல்லையே மேடம்."

"என்ன சொன்னார்?"

"மேல பதினெட்டு, கீழ நாலுன்னாரு. நான் திருப்பிக் கேட்டேன் மேடம். நாலுல இருந்து பதினெட்டு வரைக்கும் ஓடுமா சார்னு. ஆமாம்மா, கீழ நாலுலேர்ந்து மேல பதினெட்டு வரைக்கும், கரெக்ட்னாரு. எல்லா டேட்டாஷீட்லயும் அப்படித்தானே இருக்கும், கம்மி இவ்ளோ, ஜாஸ்தி இவ்ளோன்னு?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சப்ளை 'கீழே நாலு, மேலே பதினெட்டு' என்று ரோட்டில் போகிற எந்த என்ஜினியரிடம் சொன்னாலும், குறைந்தது நாலு, அதிகம் பதினெட்டு என்றுதான் எடுத்துக்கொள்வான்.

"சார் செக் பண்ணலையா?"

"பண்ணாரு. இந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். கீழ் லிமிட் நாலுன்னு இருக்குது பாருங்க. பாத்துட்டு பேஷ்னாரு."

பேஷ் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் எந்தக் காலத்தில் மைனஸ் கோடு போட்டார், அது விட்டுப்போனது கண்ணில் படுவதற்கு? 'கீழ்' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது, நாலு என்று இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது மைனஸ் நாலேதான். ஒருவர் மைனஸ் நாலு என்று நினைத்துச் சொல்ல, ஒருத்தி நாலு என்று நினைத்து எழுத, அதை அவரே மைனஸ் நாலு என்று படித்துத் தலையாட்ட, அத்தனையும் ஒரே ஒரு நாலை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. எங்கள் ஆபீசைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இந்தத் தப்பு நடக்காது.

"சார் மைனஸ்னு சொல்ல மாட்டாரு ஷோபா. கீழன்னா மைனஸ். உனக்குத் தெரியாதா?"

"எப்படி மேடம் தெரியும்?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

நான் நேராகத் தேசிகனின் அறைக்குப் போனேன். அவர் அதற்குள் ரயானோடு பேசி முடித்திருந்தார்.

"நான் சமாதானம் பண்ணிட்டேன் நிருபமா. புதுசா வந்த ஒருத்தர் பண்ணினது, அடிப்படை கொஞ்சம் போதாதவர், இனிமே நம்மகிட்ட அப்படி நடக்காத மாதிரி பாத்துக்கறோம்னு சொல்லிட்டேன். பேரைக் கேட்டான், சொன்னேன்."

"சார், அவ பண்ணினது இல்ல. நீங்க மைனஸ்னு சொல்லலை. கீழ நாலுன்னு சொல்லியிருக்கீங்க."

மைனஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். "சரியாத்தானேம்மா சொல்லியிருக்கேன். கீழன்னா பூஜ்யத்துக்குக் கீழ. வேற எதுக்குக் கீழ?"

"பதினெட்டுக்குக் கீழ!"

"அதெப்படி? உனக்குப் புரியறதே. இங்க எல்லாருக்கும் புரியறதே."

"நாங்க உங்களோட பழகினவா சார். அவ பழகலை. போன்ல கேட்டு எப்படிப் புரிஞ்சுப்பா?"

"ஒரு டிரைவர் சிப்புக்குக் கீழ் சப்ளை இருக்கும்னு தானாவே தோணணுமோல்லியோ. அதைத்தான் அடிப்படைங்கறேன்." கையைக் கூப்புவது மாதிரி வைத்துக்கொண்டார். இனி பேசி மாளாது என்பதற்கு அது அடையாளம். "சாயங்காலம் நான் அந்தப் பொண்ணுகிட்ட பக்குவமாப் பேசிக்கறேன்."

நான் கத்தியிருக்கலாம். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், ரயானிடம் அவள் பேரைச் சொல்லி அடிப்படை போதாது என்று எப்படிச் சொல்லலாம் என்று நான் கேட்டதில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தலைகள் நிமிர்ந்தன. இந்த மனுஷனிடம் எத்தனை கத்தினாலும் பஞ்சு மூட்டையைக் குத்துவது மாதிரிதான். கெட்டவர் என்றால் சண்டை போடலாம். இவர் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. தீபாவளிக்கு எல்லோர் வீட்டுக்கும் தன் கையாலேயே இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு தப்பைத் தப்பு என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவில் ஒருத்தியின் பிழைப்பு போகிறது.

சாயங்காலம் அவர் ஷோபாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. அவளுடைய உழைப்பைப் பற்றிச் சொன்னார். குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். பெருமாள் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார், அவளுக்கு இதைவிட விசாலமான இடம் காத்திருக்கிறது, அவள் எங்கிருந்தாலும் இந்தக் கம்பெனியின் ஆசீர்வாதம் அவளுக்கு உண்டு என்றார். நடுவில் பாதாம் பால் வரவழைத்தார். ஷோபா அதைக் குடித்து முடித்தாள். எழுந்தபோது அவரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்கோம்மா."

ஷோபா தன் மேஜைக்கு வந்து பையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். "மேடம், என்னை வேலையை விட்டு எடுத்துட்டாரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வேண்டியது நான்தான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ விஷயங்களை நான்தானே மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். "நாளைக்குப் பேசறேன் ஷோபா, நீ போ" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்குப் போய் எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் என் கணவர் பத்ரிநாத்மேல் காட்டினேன். ரசத்தில் உப்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "மேலாக இருக்கு" என்று, உப்பு குறைவு என்பதை அவர் விளையாட்டுக்குத் தேசிகன் பாஷையில் சொல்லிவிட்டார். கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சாப்பிடாமல் படுத்தேன். அந்த மாடலைத் திருத்துவது அரை நாள் வேலை. ஷோபாவின் பேரை ரயான் வாயிலிருந்து எடுப்பதற்கு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது ஷோபா தன் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தாள். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, இந்திராநகரில் இறங்கி பஸ் பிடித்து வழக்கமாக வருகிற நேரத்துக்கே வந்திருக்கிறாள். தோளில் பை, பையில் சாப்பாட்டு டப்பா. உட்காரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தேசிகன் வந்துவிட்டார்.

அவளைப் பார்த்ததும் நின்றார். "என்னம்மா... இங்க?"

"வந்துட்டேன் சார்."

"அதாவது... நேத்திக்கு நாம பேசினோமே."

"ஆமா சார். போயிட்டு வாங்கன்னு சொன்னீங்க. போயிட்டு வந்துட்டேன்."

ஷோபாவைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்பது எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. அவர் சொல்வதை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

"அது... போயிட்டு வாங்கோன்னா..." தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போயிட்டு வாங்கன்னா என்னா சார்?"

அவருக்கு வேர்த்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. சுற்றும் முற்றும் பார்த்து, கடைசியில் அவர் கண் எப்போதும் வந்து நிற்கிற இடத்தில் வந்து நின்றது.

"நிருபமா, நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

அவர் நினைப்பதைச் சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாக்கியம்கூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

"எனக்கும் புரியலை சார்" என்றேன். "நீங்களே சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் நடு ரோட்டில் அவர் கையை விட்டுவிட்டுப் போன மாதிரி பார்த்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

ஷோபா பேசினாள். "சார், வேல இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் போறேன். எங்க வீட்ல அரிசி இல்லன்னா இல்லன்னுதான் சொல்லுவோம். சொன்னாத்தான் யாராச்சும் கடைக்குப் போவாங்க. எனக்குப் புரியுற மாதிரி நீங்க சொன்னதே இல்ல. சிப்புக்கும் சொல்லல, இதுக்கும் சொல்லல. புரியலன்னு என்னையே குத்தம் சொன்னா எப்படி சார்?"

கீழே பால் பூத்துக்காரன் யாரிடமோ கன்னடத்தில் சில்லறை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். தேசிகன் அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கோம்மா" என்றார் கடைசியில். "நீங்களே அதைத் திருத்திக் குடுத்துடுங்கோ."

விஷயம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஷோபா உட்காரவில்லை.

"ரயான் சார்கிட்ட எனக்கு அடிப்படை தெரியாதுன்னு சொன்னீங்களாமே. என் பேரையும் சொன்னீங்களாமே."

"அது ஒரு... அதையெல்லாம் அவன் மனசுல வெச்சுக்க மாட்டான்மா."

"நான் வெச்சிக்கினு இருக்கேனே சார். நாளைக்கு நான் எங்க வேலைக்குப் போனாலும் அவருகிட்டதான் கேப்பாங்க. உங்களுக்கு அது ஒரு போன் கால். எனக்கு அதுக்கு அப்புறம் ஒன்னுமே இல்ல."

அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தேசிகன் போனை எடுத்தார். ரயானின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் மேஜைமேல் வைத்தார். அவன் எடுத்தான். பின்னால் ஏதோ டிரில் மிஷின் ஓடுகிற சத்தம்.

"சொல்லுங்க சார்."

"ரயான், நேத்திக்கு அந்த மாடல் விஷயமாப் பேசினோம் பாரு. அதுல ஒரு சின்னத் தகவல் பரிமாற்றத்துல, ரெண்டு பக்கமும் ஒரு மாதிரியான புரிதல்..."

"சார், இங்க பயங்கர சத்தம். ஸ்ட்ரெயிட்டா சொல்லுங்க."

"அதாவது, கீழ் சப்ளை சம்பந்தமா நாங்க குடுத்த விவரமும், அவா எடுத்துண்ட விவரமும்..."

"சார், அந்த லேடிக்குத் தெரியலையா, இல்ல நீங்க சொல்லலையா? ரெண்டுல எது?"

தேசிகன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஷோபா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து அவரை நான் அப்படி நின்று பார்த்ததில்லை. வயசானவராகத் தெரிந்தார்.

"நான் சொல்லலை" என்றார்.

டிரில் மிஷின் நின்றது.

"ஓகே சார். அப்போ அவங்களுக்கு வேல தெரியும். சரி, புது ஃபைல் எப்போ வரும்?"

"மத்தியானத்துக்குள்ள வந்துடும் சார்" என்றாள் ஷோபா போனைப் பார்த்துக் குனிந்து. "கீழ்ப் பின்னுக்கு மைனஸ் நாலு, மேல பிளஸ் பதினெட்டு. வேற எதுனா டவுட் இருந்தா என்னைய நேரா கேளுங்க."

ரயான் அவள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வைத்துவிட்டான். தேசிகன் தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷோபா தோளிலிருந்து பையை இறக்கி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.